ஹெய்டியிலிருந்து டிபீவருக்கு: 23 கனெக்‌ஷன்களை இடம் மாற்றிய பதிவு

பழைய விண்டோஸ் லேப்டாப்பின் திரைக் கீல் விட்டுப்போய், புதிதாக வாங்கியதில் உபுண்டு லினக்ஸ் போட்டுக்கொண்டேன். கோப்புகள், மெயில், கோட் எடிட்டர் எல்லாம் ஒரே நாளில் குடிவந்துவிட்டன. தொலைவில் உள்ள டேட்டாபேஸ்களைத் திறந்து வேலை செய்யும் செயலியான டேட்டாபேஸ் க்ளையன்ட்டில் ஏழு வருடமாகச் சேர்ந்திருந்த 23 கனெக்‌ஷன்களைக் கொண்டுவரத்தான் நான்கு நாளும் ஒரு சனிக்கிழமையும் ஆயின. முகவரி, போர்ட், பெயர், பாஸ்வேர்டு என்று நான்கே நான்கு விவரம்தானே, அரை மணி நேர வேலை என்று நினைத்து உட்கார்ந்தவள் நான். ஒவ்வொரு கனெக்‌ஷனுக்குள்ளும் நான் என்றைக்கோ எடுத்து, பிறகு மறந்தேபோன முடிவுகள் ஒளிந்திருந்தன. அவற்றில் எது எங்கே தடுக்கியது என்பதை நினைவு மங்குவதற்குள் எழுதிவைக்கிறேன். இதே மாற்றத்தைச் செய்யப்போகிறவர்களுக்குப் பயன்படும்.

இதுவரை பயன்படுத்தியது ஹெய்டிஎஸ்கியூஎல். லேசான செயலி, கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும். இன்றைக்கும் எனக்கு அதன்மேல் பிரியம் உண்டு. லினக்ஸில், விண்டோஸ் செயலிகளை ஓட்டவைக்கும் ஒயின் வழியாகவும் அதை ஓட்டலாம். ஆனால் என்னோடு வேலை பார்க்கும் தம்பி மேக் வைத்திருக்கிறான். இருவரும் ஒரே செயலியில் இருந்தால் "உன் திரையில் எங்கே இருக்கு" என்ற கேள்வியே வராது. அதனால் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும் டிபீவரின் இலவசப் பதிப்பைத் தேர்ந்தெடுத்தோம்.

ஹெய்டி தன் கனெக்‌ஷன்களை விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் வைத்திருக்கிறது. ஃபைல் மெனுவில் செட்டிங்ஸை ஏற்றுமதி செய்யும் வழி இருக்கிறது. செய்தால் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு கிடைக்கும். வரிக்கு ஒரு செட்டிங்: முதலில் கனெக்‌ஷனின் பெயரும் செட்டிங்கின் பெயரும், அடுத்து அது எழுத்தா எண்ணா என்று சொல்லும் ஓர் இலக்கம், கடைசியில் மதிப்பு. இடையில் பிரிப்பானாக, கோண அடைப்புக்குள் மூன்று நெடுங்கோடுகள். பைத்தானில் முப்பது வரி எழுதி, அதிலிருந்து பெயர், ஹோஸ்ட், போர்ட், டேட்டாபேஸ், யூசர் ஐந்தை மட்டும் பிரித்து, காற்புள்ளியிட்ட பட்டியலான சிஎஸ்வி கோப்பு ஆக்கினேன். பாஸ்வேர்டு வரிகளை வேண்டுமென்றே தவிர்த்தேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சிஎஸ்வியை உள்ளே போடுவதற்கு முன் பட்டியலைப் படித்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. 23-இல் எட்டு எனக்கு இனிமேல் வேண்டாதவை. ஏழு சர்வர்கள் பதிலே சொல்லவில்லை; எப்போதோ மூடப்பட்டவை. எட்டாவது ஒரு பழைய வாடிக்கையாளருடையது. மூன்று வருடங்களுக்கு முன்பே கணக்கு முடித்துக்கொண்டவர்கள். அந்தச் சர்வர் என்னை இன்னும் உள்ளே விட்டது. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. உடனே வெளியே வந்து அவர்களைக் கூப்பிட்டேன். "சார், உங்க சர்வர்ல என் யூசர் இன்னும் உயிரோட இருக்கு, எடுத்துடுங்க" என்றேன். அவர் "நீங்கதானே மேடம், இருந்துட்டுப் போகட்டும்" என்றார். இருக்கக்கூடாது என்று விளக்கி, நீக்கும் கட்டளையை எழுதி அனுப்பி, நீக்கியாயிற்று என்று பதில் வந்த பிறகுதான் என் பட்டியலிலிருந்து அந்த வரியை அழித்தேன். செயலி மாற்றும்போது எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப்போட்டிருந்தால் இது இன்னும் மூன்று வருடம் கிடந்திருக்கும்.

மிஞ்சியவை 15. மைஎஸ்கியூஎல் வகை டேட்டாபேஸ் 12, போஸ்ட்கிரஸ் வகை 3.

டிபீவரின் இம்போர்ட்டில் வேறு செயலிகளின் அமைப்புகளை எடுத்துக்கொள்ளும் பகுதி இருக்கிறது. அதில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்தால் முதலில் டிரைவர், அதாவது அந்த வகை டேட்டாபேஸோடு பேசும் நிரல், எது என்று கேட்கும், பிறகு சிஎஸ்வி கோப்பைக் கேட்கும். டிரைவருக்கு ஒரு கோப்பு. ஆக எனக்கு இரண்டு கோப்பு. இரண்டு நிமிடத்தில் 15 கனெக்‌ஷன்களும் இடது பக்கத்தில் வரிசையாக வந்து நின்றன. அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

முதல் சறுக்கல் அடுத்த பத்து நிமிடத்தில் வந்தது.

நான் பராமரிக்கும் டேட்டாபேஸ்களில் ஈரோட்டுப் பக்கம் உள்ள ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துடையதும் ஒன்று. அதன் கனெக்‌ஷனைத் திறந்து, பாஸ்வேர்டைக் கையால் அடித்து, டெஸ்ட் கொடுத்தேன். இணைந்தது என்று வந்தது. டேபிள்களும் தெரிந்தன. அடுத்ததற்குப் போகலாம் என்று நகரும்போதுதான் அந்தச் சிறிய சாளரத்தில் இருந்த எண் கண்ணில் பட்டது: 31 மில்லிசெகண்ட். நேரடியாக இணையும் மற்ற வெளிச் சர்வர்கள் 400, 500 என்று எடுத்துக்கொண்டிருந்தன. சங்கத்தின் சர்வர் இருப்பது மும்பையில்; அது அவ்வளவு விரைவாகப் பேசாது.

சர்வரின் பெயரைக் கேட்கும் ஒருவரிக் குவரியை, அதாவது டேட்டாபேஸுக்கான கட்டளையை, ஓட்டினேன். வந்த பெயர் என் புதிய லேப்டாப்பின் பெயர்.

நடந்தது இது. அந்தக் கனெக்‌ஷன் எஸ்எஸ்எச் டனல் வழியாக, அதாவது முதலில் தொலைச் சர்வருக்குள் பாதுகாப்பாக நுழைந்து அங்கிருந்து டேட்டாபேஸை எட்டும் பாதை வழியாகப் போவது. டனல் இருக்கும்போது ஹோஸ்ட் என்ற இடத்தில் எழுதுவது அந்தத் தொலைச் சர்வரின் கண்ணோட்டத்தில் உள்ள முகவரி. டேட்டாபேஸ் அதே சர்வரில் இருந்தால் அது 127.0.0.1 தான். நான் எடுத்த ஐந்து விவரத்தில் டனல் இல்லை. டனல் போய்விட்டால் 127.0.0.1 என்பது எந்தக் கணினியில் உட்கார்ந்திருக்கிறோமோ அந்தக் கணினி. இங்கே அதே 3306 போர்ட்டில் என் சோதனை மைஎஸ்கியூஎல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் சங்கத்து டேட்டாவின் பழைய நகல், அதே யூசர், சோம்பலில் வைத்த அதே பாஸ்வேர்டு. எல்லாம் பொருந்திவிட்டன. நல்லவேளை, அசல் என்று நினைத்து நகலில் இருந்தேன். நகல் என்று நினைத்து அசலில் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வயிறு கலங்குகிறது.

12 மைஎஸ்கியூஎல் கனெக்‌ஷன்களில் ஏழு டனல் வழி. ஆக ஏழிலும் இருப்பது டனல் இல்லாமல் பொருளற்றுப்போகும் முகவரி. அன்றிலிருந்து டெஸ்ட் பச்சை காட்டினால் போதும் என்ற எண்ணத்தை விட்டுவிட்டேன். ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் நான்கு கேள்வி கேட்கும் ஒரு சிறு குவரியை ஓட்டுகிறேன்: நீ எந்தச் சர்வர், நான் எந்த யூசராக உள்ளே வந்திருக்கிறேன், உன் நேரமண்டலம் எது, எந்த எழுத்துக்குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாக்கும் எந்த முறையில், எனக்குப் பதில் சொல்கிறாய். பழைய லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்து, அதிலும் இதே குவரியை ஓட்டி, இரண்டு பதிலையும் ஒரு தாளில் எதிரெதிரே எழுதினேன். பின்னால் வந்த சிக்கல்களில் பாதியை இந்தத் தாள்தான் காட்டிக்கொடுத்தது.

டனலை அமைக்கும்போது, சர்வருக்குள் நுழைய பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் காட்டும் சாவிக் கோப்புகளில் பிரச்சினை. ஹெய்டி டனலுக்குப் புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருளின் பிளிங்க் நிரலைப் பயன்படுத்துவதால் என் சாவிகள் பிபிகே வடிவத்தில் இருந்தன. லினக்ஸில் புட்டி டூல்ஸ் தொகுப்பைப் போட்டால் கிடைக்கும் புட்டிஜென் மூலம் அவற்றை ஓப்பன்எஸ்எஸ்எச் வடிவத்துக்கு மாற்றிவிடலாம். ஒரே ஒரு சாவியை மட்டும் அப்படி மாற்றினேன். அந்தச் சர்வரைக் கவனிப்பவர் விடுப்பில் இருந்தார். மற்ற இடங்களில் புதிய லேப்டாப்பிலேயே புதுச் சாவி உருவாக்கி, பொதுச்சாவியைச் சர்வரில் சேர்த்து, பழையதை நீக்கிவிட்டேன். கீல் உடைந்த லேப்டாப் பழுதுபார்க்கும் கடைக்குப் போகப்போகிறது. அதில் இருக்கும் சாவி எதையும் திறக்கக்கூடாது.

டிபீவரில் நெட்வொர்க் ப்ரொஃபைல் என்று ஒன்று உண்டு. டனல் விவரத்தை ஒரு முறை எழுதிப் பெயர் வைத்துவிட்டால் பல கனெக்‌ஷன்கள் அதையே பயன்படுத்தலாம். என் ஏழில் ஐந்து ஒரே வாசல் சர்வர் வழியாகப் போகின்றன. ஐந்து முறை எழுதியிருந்ததை ஒன்றாக்கியது பெரிய நிம்மதி. ஹெய்டியில் இருந்தபோது வாசல் சர்வரின் போர்ட்டை மாற்றினால் ஐந்து இடத்தில் திருத்துவேன், ஒன்று விட்டுப்போகும்.

இரண்டு சர்வர்களில் மட்டும் பொதுச்சாவியைப் பெற அனுமதி இல்லை என்று பிழை வந்தது. எஸ்எஸ்எச் சாவி என்று நினைத்து அரை மணி நேரம் அங்கே தேடினேன், அது இல்லை. மைஎஸ்கியூஎல் 8-இலிருந்து கடவுச்சொல் சரிபார்க்கும் முறை மாறிவிட்டது. பாதுகாக்கப்படாத இணைப்பில் பாஸ்வேர்டை மறைத்து அனுப்ப, சர்வரின் ஆர்எஸ்ஏ பொதுச்சாவி டிரைவருக்குத் தேவைப்படும். அதைக் கேட்டு வாங்க ஜாவா டிரைவர் தானாகத் துணியாது. டிரைவர் ப்ராப்பர்ட்டீஸில் நாம் அனுமதி கொடுக்க வேண்டும். டனலுக்குள் போகும் இணைப்புக்கு அந்த அனுமதியைக் கொடுத்தேன். நேராக இணையத்தில் போகும் மற்றொன்றுக்கு அதைக் கொடுக்காமல், இணைப்பையே குறியாக்கும் எஸ்எஸ்எல்லை இயக்கினேன். நடுவில் ஒருவன் தன் சாவியை நீட்டினால் டிரைவர் அதையும் நம்பிவிடும் என்பதுதான் காரணம்.

போஸ்ட்கிரஸ் மூன்றும் சத்தமே இல்லாமல் வந்தன. பாஸ்வேர்டுகளை ஹோம் ஃபோல்டரில் பிஜிபாஸ் கோப்பில் வைத்து, அனுமதியை 600, அதாவது நான் மட்டும் படிக்கலாம், எழுதலாம் என்று ஆக்கினேன். ஆக்காவிட்டால் போஸ்ட்கிரஸின் கட்டளைவரிக் கருவிகள் அந்தக் கோப்பைக் கண்டுகொள்ளவே மாட்டா.

மறுநாள் வேலையைப் புதுச் செயலியிலேயே தொடங்கினேன். கனெக்‌ஷன்கள் சரி, கைப்பழக்கம் சரியில்லை. ஹெய்டியில் எஃப்9 அடித்தால் தாவலில் இருக்கும் மொத்தமும் ஓடும். டிபீவரில் கன்ட்ரோல் என்டர் அடித்தால் கர்சர் நிற்கும் கட்டளை மட்டும் ஓடும். இந்த வித்தியாசத்தைப் படித்துத் தெரிந்துதான் வைத்திருந்தேன். தெரியாதது, கட்டளை எங்கே முடிகிறது என்று அது எப்படி முடிவு செய்கிறது என்பது.

எனக்கு ஒரு பழக்கம். டேட்டாவை மாற்றும் அப்டேட் வரியும் புது மதிப்பைச் சொல்லும் செட் வரியும் எழுதிவிட்டு, ஒரு வெற்று வரி விட்டு, எந்தப் பதிவுகளை மாற்றுவது என்று சொல்லும் வேர் (where) நிபந்தனையைத் தனியாக எழுதுவேன். நிபந்தனை கண்ணில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, பாதுகாப்புக்காகவே பழகிய பழக்கம். ஹெய்டிக்கு அரைப்புள்ளிதான் முடிவு. வெற்று வரியை அது பொருட்படுத்தாது. டிபீவரின் எஸ்கியூஎல் செட்டிங்கில் வெற்று வரியையும் கட்டளையின் முடிவாகக் கொள்ளலாமா என்று ஓர் அமைப்பு இருக்கிறது. என் செயலியில் அது இயக்கத்தில் இருந்தது. கன்ட்ரோல் என்டர் அடித்தேன். வெற்று வரியோடு கட்டளை முடிந்துவிட்டது. வேர் இல்லாத அப்டேட்.

நிபந்தனை இல்லாமல் மொத்த டேபிளையும் மாற்றப்போகிறாய், சரிதானா என்று டிபீவர் கேட்டது. அந்தக் கேள்வி வரவில்லை என்றால் ஓர் அச்சகத்தின் சோதனை டேட்டாபேஸில் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே ஊர் ஆகியிருக்கும். அதே நிமிடம் அந்த அமைப்பை அணைத்தேன். தம்பியின் மேக்கிலும் அணைக்கச் சொன்னேன். இந்தப் பதிவிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: முதல் குவரி எழுதும் முன் எடிட்டர் செட்டிங்கில் கட்டளை பிரிப்பான் பகுதியைப் போய்ப் பாருங்கள்.

அந்தப் பயத்தில் ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் வகை கொடுத்தேன். அசல் சர்வர்கள் ப்ரொடக்‌ஷன், அவற்றுக்குச் சிவப்பு. அந்த வகையில் ஆட்டோ கமிட் அணைந்திருக்கும். நாமே கமிட் அடித்தால்தான் மாற்றம் நிலைக்கும். ஹெய்டியில் நான் எப்போதும் ஆட்டோ கமிட்டிலேயே வாழ்ந்தவள். பாதுகாப்பு கூடிவிட்டது என்று சந்தோஷமாக இருந்தது. மதியம் சங்கத்து டேட்டாபேஸில் ஓர் உறுப்பினரின் கணக்கில் ஒரு திருத்தம் செய்துவிட்டுச் சாப்பிடப் போனேன். கமிட் அடிக்கவில்லை.

ரசம் ஊற்றும்போது போன். சங்கத்தின் எழுத்தர், என் அப்பா வயதுக்காரர். "ஏனுங்க மேடம், பில்லு போட்டா சுத்திக்கிட்டே இருக்குதுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஏதோ டைம் அவுட்டுங்குதுங்க."

"எல்லாருக்கும் அப்படித்தான் வருதுங்களா?"

"இல்லைங்க, இந்த ஒருத்தர் கணக்குக்கு மட்டும்தானுங்க. மத்ததெல்லாம் நல்லாத்தான் போகுது."

ஒருவர் கணக்கு மட்டும் என்றதும் புரிந்துவிட்டது. கமிட் ஆகாத மாற்றம் அந்த வரியைப் பூட்டி வைத்திருந்தது. இன்னொருவர் அதே வரியைத் தொட வந்தால் 50 விநாடி காத்திருந்துவிட்டுப் பிழையோடு திரும்பிவிடுவார். மைஎஸ்கியூஎல்லின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியின் இயல்பான காத்திருப்பு நேரம் அதுதான். கை கழுவிவிட்டு ஓடிவந்து கமிட் அடித்தேன். தவறு என்னுடையது என்று அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இப்போது அசல் சர்வரில் மாற்றம் செய்வதானால் தொடக்கம், மாற்றம், சரிபார்க்கும் செலக்ட், கமிட் நான்கையும் ஒரே தாவலில் முதலிலேயே எழுதிவைத்துவிட்டுத்தான் ஓட்டுகிறேன். வெறுமனே பார்ப்பதற்கென்று அதே சர்வருக்கு ரீட் ஒன்லி கனெக்‌ஷன் தனியாக ஒன்று வைத்திருக்கிறேன். நாள் முழுக்கத் திறந்திருப்பது அதுதான்.

நேரமண்டலச் சிக்கலைத் தாள் காட்டியது. பழைய செயலியின் பதிலில் இந்திய நேரம், புதியதில் யுடிசி என்ற உலகப் பொது நேரம். ஹெய்டியில் நம் கணினியின் நேரமண்டலத்தைப் பயன்படுத்தச் சொல்லும் ஒரு பெட்டியை என்றோ டிக் செய்திருக்கிறேன். டைம்ஸ்டாம்ப் வகைப் புலம் உள்ளே யுடிசியாகச் சேமிக்கப்பட்டு, கேட்பவரின் நேரமண்டலத்துக்கு மாற்றிக் காட்டப்படும். டேட்டைம் வகை எழுதியபடியே வரும். ஒரே டேபிளில் இரண்டும் கலந்திருந்தால் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகள் ஐந்தரை மணி நேரம் விலகி நிற்கும். ஏப்ரல் 1 அதிகாலை ஒரு மணிக்குப் பதிவானது மார்ச் 31 இரவு 7.30 என்று தெரியும். நிதியாண்டே மாறிவிடுகிறது. கனெக்‌ஷன் திறந்தவுடன் நேரமண்டலத்தை +05:30 ஆக்கும் ஒரு வரியைத் தொடக்கக் குவரியாகச் சேர்த்து, டிபீவரின் சொந்த நேரமண்டல அமைப்பையும் சரிபார்த்தேன். இரண்டும் ஒத்துப்போனால்தான் திரையில் வருவதை நம்பலாம்.

துண்டுக் குவரிகள் எல்லாம் தனித்தனி எஸ்கியூஎல் கோப்புகள். ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் நகலெடுத்துப் போட்டதும் வந்துவிட்டன. குவரி வரலாறு வரவில்லை. வேண்டியதை முன்பே கோப்பாக்கியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் பழைய லேப்டாப்பைத் துடைக்க உட்கார்ந்தபோதுதான் பாஸ்வேர்டு விவகாரம் வெடித்தது. ஏற்றுமதி செய்த அந்த டெக்ஸ்ட் கோப்பை டெஸ்க்டாப்பில் வைத்திருந்தேன். டெஸ்க்டாப் தானாக ஒரு க்ளவுட் சேமிப்பில் நகலாகிக்கொண்டிருந்தது. சிஎஸ்வியில் பாஸ்வேர்டு இல்லை. ஆனால் மூலக் கோப்பில் இருந்தன. ஹெய்டி அவற்றை வெறும் எழுத்தாக எழுதுவதில்லை என்பது உண்மை. ஒவ்வொரு எழுத்தின் எண்ணோடும் ஒரு சிறு எண்ணைக் கூட்டி எழுதி, கூட்டிய எண்ணையும் கடைசியில் ஒட்டிவைக்கிறது. பக்கத்தில் நிற்பவர் பார்வையில் படாமல் இருக்க அது போதும். கோப்பு கையில் கிடைத்தவருக்கு அது பூட்டே இல்லை.

க்ளவுட்டிலிருந்தும் அதன் குப்பைத்தொட்டியிலிருந்தும் நீக்கினேன். அதோடு நிறுத்த மனம் ஒப்பவில்லை. 15 கனெக்‌ஷன்களின் பாஸ்வேர்டுகளையும் மாற்றினேன். இரண்டு இடங்களில் என் யூசரும் அங்கே ஓடும் மென்பொருளின் யூசரும் ஒன்றாகவே இருந்தது தெரியவந்தது. பாஸ்வேர்டை மாற்றினால் மென்பொருள் நின்றுவிடும். மைஎஸ்கியூஎல் 8.0.14-இலிருந்து இதற்கு ஓர் அருமையான வசதி உண்டு: புதுப் பாஸ்வேர்டு கொடுக்கும்போதே பழையதையும் வைத்துக்கொள் என்று சொல்லலாம். இரண்டும் கொஞ்ச காலம் செல்லும். மென்பொருளின் அமைப்பை நிதானமாக மாற்றிவிட்டு, பிறகு பழையதைக் கைவிடச் சொன்னால் போதும். ஒரு நொடிகூட எதுவும் நிற்கவில்லை. எனக்கெனத் தனி யூசரும் உருவாக்கிக்கொண்டேன்.

டிபீவரும் சேமித்த பாஸ்வேர்டுகளை ஜெனரல் ப்ராஜெக்ட்டுக்குள் ஒரு மறைந்த ஃபோல்டரில் குறியாக்கம் செய்து வைக்கிறது. இயல்பான அமைப்பில் அந்தக் குறியாக்கத்தின் சாவி எல்லாரும் படிக்கக்கூடிய மூல நிரலிலேயே இருக்கிறது. ஆகவே அந்தக் கோப்பையும் திறந்த நோட்டுப் புத்தகமாகவே கருதுகிறேன். அசல் சர்வர்களுக்கு பாஸ்வேர்டைச் சேமி என்ற பெட்டியை எடுத்துவிட்டேன். பாஸ்வேர்டுகளைப் பூட்டிவைக்கும் கீபாஸ்எக்ஸ்சி செயலியிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒட்டுகிறேன். கனெக்‌ஷன் விவரம் மட்டும் உள்ள ஜேசன் கோப்பு தனியாக இருப்பதால் அதைத் தம்பியோடு பகிர முடிகிறது.

கடைசியாக வைத்திருப்பதுதான் என்னை அதிகம் பாதித்தது.

சங்கத்து கனெக்‌ஷனை டனல் வழியாகச் சரியாகத் திறந்த முதல் நாளே உறுப்பினர் டேபிளைப் பார்த்தேன். தமிழ்ப் பெயர்கள் எதுவும் தமிழாக இல்லை. தலையில் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் அல்லது ஒரு சிறு மேல்கோடு, அடுத்து ஏதாவது ஒரு குறி. இதே மூன்று மூன்றாக வரிசை. டேட்டா கெட்டுவிட்டதோ என்று பதறி பழைய லேப்டாப்பில் திறந்தேன். அங்கே முருகன் முருகனாக இருந்தார். தாளைப் பார்த்தால் எழுத்துக்குறியாக்க வரிசையில் பழையது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லாட்டின்1, புதியது எல்லா மொழிக்குமான யுடிஎஃப்-8-இன் மைஎஸ்கியூஎல் வடிவமான யுடிஎஃப்8எம்பி4.

ஹெய்டியின் ஏற்றுமதிக் கோப்பில் திரும்பத் தேடினேன். அந்த ஒரே கனெக்‌ஷனில் ஸ்டார்ட்அப் ஸ்கிரிப்ட் என்று ஒரு கோப்பின் பாதை இருந்தது. அந்தக் கோப்பில் ஒரே வரி: எனக்கு லாட்டின்1-இல் பேசு. ஏழு வருடத்துக்கு முன் நான்தான் எழுதியிருக்கிறேன். பெயர்கள் குப்பையாகத் தெரிந்தபோது இந்த வரியைப் போட்டதும் சரியாயிற்று; ஏன் என்று கேட்காமல் அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன்.

இப்போது கேட்டேன். சங்கத்தின் பிஎச்பி மென்பொருள் பழையது. பக்கங்கள் யுடிஎஃப்-8, டேட்டாபேஸின் நெடுவரிசையும் இணைப்பும் லாட்டின்1. யுடிஎஃப்-8-இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. முருகன் என்பதில் ம, உகரக் குறி, ர, உகரக் குறி, க, ன, புள்ளி என்று 7 குறி, 21 பைட்டு. டேட்டாபேஸ் அதை 21 லாட்டின் எழுத்துகளாக வாங்கி வைத்துக்கொண்டது. எழுதியவரும் படிப்பவரும் ஒரே பொய்யைச் சொல்லும்வரை தமிழ் தமிழாகத் தெரியும். நான் உண்மையான குறியாக்கத்தில் கேட்டதும், சர்வர் அந்த 21 எழுத்துகளை அப்படியே தந்துவிட்டது.

டிபீவரிலும் அதே ஒரு வரியைத் தொடக்கக் குவரியாகப் போட்டால் என்ன என்று முதலில் தோன்றியது. மைஎஸ்கியூஎல்லின் ஜாவா டிரைவர் கையேடு அதைச் செய்யாதே என்கிறது: அந்தக் கட்டளையால் குறியாக்கம் மாறுவதை டிரைவர் அறியாது. ஆக முன்போல் மூடி மறைக்க வழி இல்லை. பார்ப்பதற்கு மட்டும், நெடுவரிசையை லாட்டின்1 ஆக்கி, அதை வெறும் பைட்டாக்கி, அந்தப் பைட்டுகளை யுடிஎஃப்8எம்பி4 ஆகப் படிக்கச் சொல்லும் மூன்றடுக்கு குவரி ஒன்று எழுதினேன். முருகன் திரும்பி வந்தார். கூடவே வேறொன்றும் வந்தது.

பெயர் நெடுவரிசையின் அளவு 50. லாட்டின்1-இல் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்பதால் அது 50 பைட்டு. தமிழுக்கு 16 குறிதான். 'ஆர். கிருஷ்ணமூர்த்தி' என்பது இன்ஷியல், புள்ளி, இடைவெளி சேர்த்து 56 பைட்டு. 50-இல் வெட்டினால் 'ஆர். கிருஷ்ணமூர்த்' என்று நிற்கும். டேபிளில் அப்படித்தான் நின்றது. பழைய மைஎஸ்கியூஎல் பதிப்புகளின் இயல்பான அமைப்பில் நீளமான மதிப்பை வெட்டிப் போட்டுவிட்டு ஓர் எச்சரிக்கை மட்டும் கொடுக்கும், 5.7-இல்தான் அதைப் பிழையாக்கி மறுப்பது இயல்பானது. எச்சரிக்கையை அந்த மென்பொருள் யாரிடமும் சொல்லவில்லை. பைட்டு நீளம் 48-க்கு மேல் உள்ளவற்றைத் தேடினேன். 63 பெயர்கள் வெட்டுப்பட்டிருந்தன.

எழுத்தரைக் கூப்பிட்டேன். "அய்யா, சில பேரோட பேரு கம்ப்யூட்டர்ல பாதியில நிக்குதுங்களே, உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியுமுங்க மேடம். பாஸ்புக்குல அப்படித்தானுங்க அடிச்சு வரும். மிச்ச எழுத்தை நாங்க பேனாவுல எழுதிக் குடுத்துருவோமுங்க. பழகிப்போச்சுங்க."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வரவில்லை. ஏழு வருடம் அந்த டேபிளைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

சங்கத் தலைவரிடம் அனுமதி வாங்கி, சனிக்கிழமை கணக்கு முடித்த பிறகு ஆரம்பித்தேன். முதலில் முழு டம்ப், அதாவது டேட்டாபேஸின் முழு நகல். அதை என் லேப்டாப்பில் ஏற்றி, ஒத்திகை ஒரு முறை. நெடுவரிசையை முதலில் வெறும் பைட்டு வகையான வர்பைனரி ஆக்க வேண்டும். அப்போது பைட்டுகள் மாறாமல் பெயரற்றுக் கிடக்கும். பிறகு யுடிஎஃப்8எம்பி4 குறியாக்கமுள்ள, 150 எழுத்து வரை கொள்ளும் வர்சார் ஆக்க வேண்டும். அந்தப் பைட்டுகளுக்கு உண்மையான பெயர் கிடைக்கும். நேராக லாட்டின்1-இலிருந்து மாற்றினால் குப்பை குப்பையாகவே நிலைத்துவிடும். ஒத்திகையில் இரண்டாம் அடி பிழையோடு நின்றது. 50-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 2. இன்ஷியல் இல்லாத பெயர்களில் 16 குறிக்குப் பின் அரைகுறையாக இரண்டு பைட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அது எந்த எழுத்தும் இல்லை என்று சர்வர் மறுத்தது. சரியாகவே மறுத்தது. தொங்கும் பைட்டுகளை நறுக்கிய பிறகு மாற்றம் ஓடியது. அசலிலும் அதே வரிசையில் செய்து, அதே வேளையில் பிஎச்பி இணைப்பின் குறியாக்கத்தையும் யுடிஎஃப்8எம்பி4 ஆக்கினேன். இரண்டில் ஒன்றை மட்டும் செய்திருந்தால் திங்கள் காலை முதல் பில்லிலேயே மறுபடியும் குப்பை சேர ஆரம்பித்திருக்கும்.

எழுத்தர் அன்று வீட்டுக்குப் போகவில்லை. பேரேட்டை மடியில் வைத்துக்கொண்டு போனில் ஒவ்வொரு பெயராக முழுசாக வாசித்தார், நான் அடித்தேன். "கிருஷ்ணமூர்த்தி. தி போட்டுட்டீங்களா மேடம்?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டுக்கொண்டே வந்தார். ஒன்பதரை மணிக்கு 61 பெயர்கள் முடிந்தன. மீதி இரண்டு பேருக்குப் பேரேட்டிலும் எழுத்து தெளிவாக இல்லை. நூல் வாங்க வரும்போது அவர்களையே கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.